புகார்ப் பெட்டிக்குள் வராத குரல்கள்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக்கு அருகிலோ, அறிவிப்புப் பலகைக்குக் கீழோ 'மாணவர் மனசு' என்று எழுதிய பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். 2021-இல் சென்னையின் சில பள்ளிகளில் படித்த மாணவியர் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளை வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகு, குழந்தைகள் தங்கள் மனத்தில் இருப்பதைப் பயமில்லாமல் தெரிவிக்க ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதன் விளைவுகளில் ஒன்று இந்தப் பெட்டி. பக்கத்துச் சுவரில் 14417, 1098 என்ற இரு உதவி எண்களையும் எழுதி வைத்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இது இல்லாத காலத்தில் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் பெட்டியில் எத்தனை கடிதங்கள் வந்தன என்பதைக் குறித்து வைக்கிற நாம், அதில் எழுதிப் போடுகிற குழந்தைகள் யார், ஒருபோதும் எழுதிப் போடாதவர்கள் யார் என்று கேட்டுப் பார்ப்பதில்லை. மாணவர் குரல் பற்றிக் கடந்த கால் நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளை ஓரளவு படித்தவரையில், சமத்துவம் பற்றிய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த ஆய்வுகளில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா லண்டி 2007-இல் எழுதிய கட்டுரையை. ஐ.நா. பொதுச்சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட, இந்தியா 1992-இல் இணைந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு; அந்தக் கருத்துக்கு அக்குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரப்பட வேண்டும். பெரியவர்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள் என்பதே லண்டியின் வாதம். வட அயர்லாந்துக் குழந்தைகள் ஆணையருக்காக அவரும் உடன் ஆய்வாளர்களும் மேற்கொண்ட ஆய்வில், தங்கள் வாழ்க்கையில் எது நியாயமில்லாமல் இருக்கிறது என்று பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டபோது, தங்களைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் தங்கள் பேச்சு எடுபடுவதில்லை என்பதே முதன்மையான மனக்குறையாக வெளிவந்தது. ஆகவே 12-ஆம் பிரிவை அவர் நான்காகப் பிரித்துக் காட்டினார். பேசுவதற்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். கருத்தை உருவாக்கிக்கொள்ளவும் வெளிப்படுத்தவும் உதவி வேண்டும். அதைக் கேட்க வேண்டிய பொறுப்பில் உள்ளவர் கேட்க வேண்டும். கேட்டதற்குத் தக்க விளைவு இருக்க வேண்டும். அயர்லாந்துக் குடியரசு 2015-இல் வெளியிட்ட தேசியப் பங்கேற்புத் திட்டம் இந்த நான்கையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

இந்த அளவுகோலை நம் பெட்டிக்கு வைத்துப் பார்க்கலாம். பெட்டி தொங்கும் இடம் பெரும்பாலும் ஆசிரியர்களின் கண்பார்வையில் இருக்கிறது. பூட்டு உடைபடக் கூடாது என்பதற்காக அப்படி வைக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த வராந்தாவில் நின்று பெட்டியில் காகிதம் போடுகிற பிள்ளையை நான்கு பேராவது பார்த்துவிடுவார்கள், அன்று மாலைக்குள் 'என்னடி எழுதிப் போட்ட' என்ற விசாரணையும் தொடங்கிவிடும். பெயர் எழுதத் தேவையில்லை என்று சொல்கிறோம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் யாருடைய கையெழுத்து எது என்பது ஆசிரியருக்கு ஜூலை மாதத்திலேயே பழகிவிடும், பிள்ளைகளுக்கும் அது தெரியும். பெட்டியைத் திறக்க ஒரு குழு இருக்கிறது. புகார் அந்தக் குழுவில் உள்ள ஒருவரைப் பற்றியோ, அவருக்கு வேண்டியவரைப் பற்றியோ இருந்தால் என்ன ஆகும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமலா இருப்பாள்? நான்காவதான விளைவைப் பொறுத்தவரை, கடிதம் போட்ட குழந்தைக்கு ஏதாவது ஒரு வடிவில் பதில் போய்ச் சேரும் பள்ளிகள் இருக்கலாம். நான் பார்த்தவற்றில் அது தலைமையாசிரியரின் தனிப்பட்ட அக்கறையைப் பொறுத்ததாகவே இருந்திருக்கிறது.

இவையெல்லாம் எழுதக்கூடிய குழந்தைகளைப் பற்றியவை. எழுத்துத் தமிழ் கைவராத முதல் தலைமுறை மாணவர், திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் இந்தி, ஒடியா பேசும் புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகள், வீட்டில் இருளர் மொழி பேசிவிட்டு வருகிற குழந்தை, பிரெயிலில் எழுதுகிற மாணவி, சைகை மொழியில் மட்டுமே தன் முழு எண்ணத்தையும் சொல்ல முடிகிற மாணவன் ஆகியோருக்கு அந்தப் பெட்டியின் வாய் மூடியே இருக்கிறது. இங்கிலாந்தின் மாட்லின் ஆர்னட், டயான் ரே ஆகிய இரு சமூகவியலாளர்கள் 2007-இல் இதை இன்னும் ஆழமாக எடுத்துப் பேசினார்கள். மாணவர்களின் கருத்தைக் கேட்கிற பள்ளி, தனக்குப் புரிகிற ஒரு குறிப்பிட்ட பேச்சு முறையையே எதிர்பார்க்கிறது. அந்தப் பேச்சு முறை ஏற்கெனவே பள்ளியோடு ஒத்துப்போகிற குழந்தைகளிடம்தான் இருக்கிறது. ஆகவே வர்க்க வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்காமல் நடத்தப்படும் கருத்துக்கேட்பு அதே வேறுபாடுகளைத் திரும்பவும் உறுதி செய்துவிடக்கூடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. அமெரிக்காவில் எலனா சில்வா ஓர் உயர்நிலைப் பள்ளியை நெடுநாள் கவனித்து எழுதியது இதற்கு நல்ல சான்று. கற்றல் அடைவில் இருந்த இன வேறுபாடுகளைச் சரிசெய்வதற்கென்று மாணவர்களைக் கொண்டே அங்கே ஒரு குழு அமைத்தார்கள். நாள் செல்லச் செல்ல, கூட்டங்களில் சரளமாகப் பேசவும் நேரம் ஒதுக்கவும் முடிந்த, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் குழுவை நிரப்பினார்கள். யாருக்காக அது தொடங்கப்பட்டதோ அவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நம் பள்ளிகளில் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு எதுவும் இருக்காது. முதல் மதிப்பெண் எடுக்கிற, மேடையில் நன்றாகப் பேசுகிற, விருந்தினருக்குப் பூங்கொத்துக் கொடுக்க எப்போதும் அழைக்கப்படுகிற பிள்ளையே அங்கேயும் வந்து நிற்கும். ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்துக் கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மூன்றில் ஒன்று, குழந்தைகளை அலங்காரத்துக்குப் பயன்படுத்துவது. நம் ஆண்டு விழாக்கள் அந்தப் படியைத் தாண்டுவது அரிது.

எழுத்தை விட்டு வேறு வழிகளில் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆலிசன் கிளார்க், பீட்டர் மோஸ் இருவரும் 2001-இல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. சிறு குழந்தைகளிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வது, அவர்களே நம்மை அழைத்துப்போய் இடங்களைக் காட்டச் செய்வது, வரைபடம் வரையச் செய்வது என்று பல வழிகளில் கிடைத்தவற்றைச் சேர்த்துவைத்துப் படிப்பது அது. அதிலிருந்து வரைபடத்தை மட்டும் எடுத்து, எங்கள் பள்ளி ஏழாம் வகுப்பில் ஒரு பிற்பகல் செய்து பார்த்தோம். சார்ட் தாளில் பள்ளியை வரைந்து, பிடித்த இடத்தில் பச்சையும் போகத் தயங்குகிற இடத்தில் சிவப்பும் வைக்கச் சொன்னோம். பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் கழிப்பறையின் இரண்டாவது கதவில் சிவப்பு வைத்திருந்தார்கள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணைக்கு யாரும் வராத நாள்களில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவதாகச் சிலர் சொன்னார்கள். இது ஒருமுறைகூடப் பெட்டியில் எழுத்தாக வரவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் தாளின் விளிம்பு போதாமல் இன்னொரு அரைத்தாளை ஒட்டி, பள்ளிக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தை வரைந்து, அதை முழுக்கச் சிவப்பாக்கியிருந்தான். இலவசப் பயணம் செய்கிற பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தால் காலையில் பேருந்து நிற்காமல் போய்விடுகிறது, அடுத்ததைப் பிடித்து வரும்போது முதல் பாடவேளை தொடங்கிவிடுகிறது, தாமதமாக வந்தவன் என்று வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கும் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காலனிப் பிள்ளைகளுக்கும் விதி ஒன்றுதான். அந்த விதியின் சுமை முழுவதும் இந்தப் பிள்ளைகளின் தலையில் விழுகிறது என்பதை வருகைப் பதிவேடு எப்படிக் காட்டும்? தாழ்ப்பாள் அந்த வாரமே வந்துவிட்டது. பேருந்து நேரத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலில் நிறுத்துவதை மட்டும் நிறுத்த முடிந்தது.

இப்படிக் கேட்கும்போது கிடைப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் எனக்கு மிகவும் உதவியவர் கிரியாக்கி மெஸ்ஸியூ. சைப்ரஸ் நாட்டுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் குழந்தைகளோடு நெடுநாள் பழகி, 2006-இல் அவர் எழுதியவை எளிமையாகத் தோன்றினாலும் நம் வழக்கமான எண்ணத்தை அசைப்பவை. ஒதுக்கப்படுதல் நான்கு விதமாக இருக்கலாம் என்கிறார். ஒரு குழந்தை ஒதுக்கப்படுவதை அக்குழந்தையும் மற்றவர்களும் அறிந்திருப்பது முதல் வகை. குழந்தை தான் ஒதுக்கப்படுவதாக உணர்ந்தும் சுற்றியிருப்பவர்கள் அதைக் காணாதிருப்பது இரண்டாவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்டதாகத் தெரிகிற குழந்தை, தன்னை அப்படிக் கருதாமல் இருப்பது மூன்றாவது. ஒதுக்கப்படுவது உண்மையாக இருந்தும் குழந்தை அதை ஒப்புக்கொள்ளாதது நான்காவது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்க முயலும் நம் உள்ளடங்கிய கல்வித் திட்டங்கள் முதல் வகையை மட்டும் கண்டுபிடிக்கப் பழகியிருக்கின்றன. மாற்றுத்திறன் சான்றிதழ் உள்ளவர் யார், உதவித்தொகைப் பட்டியலில் வருபவர் யார் என்று பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைத் திரட்டும் 'எமிஸ்' இணையதளத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததாகிவிடுகிறது. மூன்றாவது வகையில் வரும் குழந்தையை, காலில் காலிப்பர் என்னும் தாங்கு கருவியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நடுவராக மகிழ்ச்சியோடு நிற்கிற ஒரு பையனை, பரிதாபத்தோடு அழைத்துவந்து உட்கார வைப்பவர்கள் நம்மில் உண்டு. இரண்டாவது, நான்காவது வகைகளில் வருபவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நான்காவது வகை நம் ஊரில் எவ்வளவு கனமானது என்பதைச் சாதியைப் பற்றி யோசித்தால் உணரலாம். தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் தன்னோடு தட்டைப் பகிர மறுக்கிறார்கள் என்பதைச் சொன்னால் வீட்டுக்கும் ஊருக்கும் பிரச்சினை வரும் என்று தெரிந்த பிள்ளை, 'ஒன்றுமில்லை சார்' என்றுதான் சொல்லும். அது பொய்யன்று, கணக்கிட்டுச் சொல்லும் பதில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற பட்டியல் சமூக மாணவன் ஒருவன், உடன் படித்தவர்களால் தனக்கு நேர்ந்த தொல்லையைப் பள்ளியில் தெரிவித்த பிறகு, அவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். பாதுகாப்பான இடம் முதலில், குரல் அதற்குப் பிறகே என்று லண்டி வரிசைப்படுத்தியது வெறும் ஏட்டு நுணுக்கம் அன்று என்பதை அந்தச் செய்தியைப் படித்த எவரும் உணர்ந்திருப்பார்கள். அதையொட்டி அரசு அமைத்த நீதியரசர் சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம் போன்றவற்றைத் தடை செய்ய வேண்டும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் பலரும் பேசியவை. அகர வரிசை நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். பெஞ்சுகள் சாதிவாரியாகப் பிரிந்துகொள்வதை அது தடுக்கும். எனினும் பார்வையோ செவித்திறனோ குறைந்த குழந்தைக்கு முன்வரிசையைக் கொடுத்த பின்புதான் அந்த வரிசை நியாயமாகும். எல்லாருக்கும் ஒரே விதி என்பதற்கும் எல்லாருக்கும் நியாயம் என்பதற்கும் உள்ள வேறுபாடு இப்படிப்பட்ட சிறிய இடங்களில்தான் தெரிகிறது. யார் பக்கத்தில் உட்கார்ந்தால் தனக்குப் பயம் என்பதைத் தனியாகக் கேட்டுவிட்டு வரிசையை அமைத்தால் இன்னும் நல்லது.

2024 நவம்பரில் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாக எல்லா வகுப்பு மாணவர்களையும் கலந்து பிரிப்பதால், வகுப்புக்குள் உறைந்துபோன குழுக்கள் கொஞ்சம் கலைகின்றன. அணித் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதில் மேலே சொன்ன பழைய பழக்கம் புகுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் இது பயன் தரும்.

இங்கிலாந்துக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஃபீல்டிங் 2001-இல் முன்வைத்த கேள்விகள் இப்படிப்பட்ட எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும். பேச அனுமதி யாருக்கு, யாரிடம் பேசலாம், எதைப் பற்றிப் பேசலாம், எந்த மொழியில் பேசினால் ஏற்றுக்கொள்ளப்படும், இவற்றை முடிவு செய்பவர் யார், கேட்பவர் யார், ஏன் கேட்கிறார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறார். இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள ஷார்ன்புரூக் பள்ளியில் 1990-களின் பிற்பகுதியில் மாணவர்களுக்கே ஆய்வுப் பயிற்சி கொடுத்து, அவர்களே தலைப்பைத் தேர்ந்தெடுத்துத் தகவல் திரட்டிப் பரிந்துரைகளைப் பள்ளியின் முன் வைக்கச் செய்த அனுபவத்திலிருந்து பிறந்த கேள்விகள் அவை. அவற்றுள் 'எதைப் பற்றிப் பேசலாம்' என்பதுதான் என்னை அதிகம் தொல்லைப்படுத்துகிறது. சீருடையின் நிறம், சுற்றுலா போகும் ஊர் என்றால் மாணவர்களிடம் தாராளமாகக் கேட்போம். பாடம் எப்படி நடத்தப்படுகிறது, யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கப்படுகிறது, எந்தத் தவறுக்கு யாருக்கு என்ன தண்டனை என்ற பேச்சு வந்தால் ஆசிரியர் அறையில் முகங்கள் மாறிவிடும். மெஸ்ஸியூவும் மெல் எய்ன்ஸ்கோவும் பின்னாளில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் ஆசிரியர்களோடு சேர்ந்து செய்த பணிகளில், மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பாடவேளையைத் திட்டமிட்டு, நடத்தி, பிறகு அது எல்லாரையும் எட்டியதா என்று பேசிப் பார்த்தார்கள். நாம் தொடங்கத் தயங்கும் இடம் அதுதான்.

ஆசிரியர்களின் தயக்கத்தைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. காலையில் எமிஸ் வருகைப் பதிவு, நடுவில் பயிற்சிக் கூட்டம், நலத்திட்டங்களுக்கான பட்டியல், மாலையில் இன்னொரு படிவம் என்று ஓடுகிறவரிடம், இனி பிள்ளைகளின் மதிப்பீட்டையும் கேளுங்கள் என்றால் அது இன்னொரு கண்காணிப்பாகவே படும். தன் கருத்தை யாரும் கேட்காத ஓர் அமைப்பில் வேலை செய்பவர், தனக்குக் கீழே இருப்பவர்களின் கருத்தைப் பொறுமையோடு கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. ஆகவே கேட்பதற்கான நேரத்தைக் கால அட்டவணையிலேயே கொடுக்க வேண்டும், கேட்டதன் மேல் ஆசிரியர் மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாதபோது அது போய்ச் சேர வேண்டிய மேலிடம் ஒன்று இருக்க வேண்டும்.

அந்த இடம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட மாதிரி விதிகள், எஞ்சிய கால் பங்கில் மூன்றில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர்களுக்கோ பள்ளியில் படிக்கும் குழந்தைகளுக்கோ கொடுக்கலாம், யாருக்கு என்பதைப் பெற்றோர் உறுப்பினர்கள் முடிவு செய்யலாம் என்று சொல்கின்றன. இந்த வரியைப் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2024-இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கு இடம் தரப்பட்டதை வரவேற்றோம். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கான இடத்தைப் பற்றியும் பேசும் நேரம் வந்துவிட்டது. அப்படி ஓர் இடம் கிடைத்தால், அதை மதிப்பெண் பார்த்தோ மேடைப்பேச்சு பார்த்தோ நிரப்பக் கூடாது. வகுப்புக்கு வகுப்பு, தெருவுக்குத் தெரு சுழற்சி முறையில் இருவர் இருவராக அனுப்பலாம். தனியாக வந்து பெரியவர்கள் நடுவில் உட்காருகிற பிள்ளை வாய் திறக்காது என்பதால்தான் இருவர். குழுவின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக, சென்ற மாதம் மாணவர்கள் எழுப்பியவற்றில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை, நடக்காததற்கு என்ன காரணம் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் படித்து, அதையே காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் சொல்லலாம். ஒரே ஒரு குழந்தை எழுதிய புகாருக்கு அப்படிப் பொதுவில் பதில் சொன்னால் எழுதியது யார் என்று வெளிப்பட்டுவிடும் ஆபத்து இருப்பதால், அத்தகையவற்றைக் கூட்டத்தில் படிக்காமல் அக்குழந்தை நம்பும் ஆசிரியர் ஒருவர் வழியாகத் தனியே தெரிவிக்க வேண்டும். அந்த ஆசிரியர் யார் என்பதையும் குழந்தையே சொல்லட்டும்.